பேச்சை நிறுத்தும் மருந்து

புதிய மருந்து கிருமிகளைக் கொல்லாது. அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும் புரதத்தை மட்டும் அடைத்துவிடும். பேச முடியாவிட்டால் கூட்டாகத் தாக்கவும் முடியாது. எந்த மருந்துக்கும் மசியாத சவரிமுத்துவின் கால்புண்ணுக்கு இதுவே கடைசி வழி. தவறினால் மறுநாள் விடிந்ததும் காலை வெட்டி எடுத்துவிடுவார்கள்.

மருந்தோ பட்டுத்துணி போர்த்திய தட்டில், தொடங்கிவைக்க வரும் அமைச்சருக்காகக் காத்திருந்தது. மருத்துவமனை டீன் வரவேற்புரையை மூன்றாம் முறையாக ஒத்திகை பார்த்தார்.

"சார், நீங்க பேசி முடிக்கதுக்குள்ள கிருமியெல்லாம் மாநாடே நடத்தி முடிச்சிரும்!" என்றாள் சவரிமுத்துவின் மனைவி பிலோமினா.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பட்டை விலக்கி, மருந்தை ஏற்றத் தொடங்கினாள்.

அமைச்சர் வந்தார். கேமராவைப் பார்த்தபடியே, தொடங்கிவைப்பதாக எண்ணி மருந்துக் குழாயின் திருகைத் திருகினார். ஓடிக்கொண்டிருந்த மருந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஐயா, அடைச்சிட்டியளே! போட்டோ எடுத்தாச்சுல்லா, கைய எடுங்க!" பிலோமினா பாய்ந்து திருகைத் திருப்பினாள்.

காலையில் அறுவை மருத்துவர் கட்டைப் பிரித்தார். வீக்கம் பாதியாக வடிந்திருந்தது. "கால் இருக்கட்டும்" என்றார்.

"ஏ பிலோமி," சவரிமுத்து வார்டே அதிரக் கத்தினான், "வீட்டுல இருந்து செருப்பு ரெண்டையும் கொண்டு வாடீ!"