தடை போட்ட வீட்டுக்கு வராத அழைப்பு

ஞாயிறு நான்கு மணிக்கு வரும் தம்பியின் அழைப்பு மூன்று வாரமாக வரவில்லை. பையில் பதினாறு கிராம் போதைப்பொடி இருந்ததற்காக, வெளிநாட்டுச் சிறையில் தூக்குக்குக் காத்திருப்பவன் அவன். செல்வநாயகி வீட்டுப் போனை மாற்றினாள், வயரை மாற்றினாள், பலனில்லை.

பக்கத்து வீட்டு மரியதாஸ்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். தூக்குத் தண்டனையை எதிர்த்து அந்த நாட்டைப் புறக்கணிக்கும்படி, சொன்னதைக் கேட்டு நடக்கும் தன் வீட்டுக்கு அவள் உத்தரவு போட்டிருந்தாள். அன்றுமுதல் அந்த நாட்டுச் சோப்பையும் பிஸ்கட்டையும் வீடு உள்ளே விடவில்லை. சிறையின் தொலைபேசிச் சேவையும் அந்த நாட்டுடையதுதானே! வீடு அதையும் தடுத்துவிட்டது. ஒன்றுக்கு மட்டும் விலக்கு கொடுக்க வீட்டுக்குத் தெரியாது.

"நீ பிஸ்கட் வாங்கலைன்னா அந்த நாட்டுக்காரன் தூக்குக் கயித்த அவுத்துருவானாக்கும்? தடையை எடுத்துட்டுத் தம்பிகிட்ட பேசு, தாயி."

"நான் ஒருத்தி இல்லண்ணே, நாலு லட்சம் வீட்ல தடை போட்டிருக்கோம். போன மாசம் ரெண்டு தூக்கைத் தள்ளி வச்சானே, சும்மாவா? எடுக்க மாட்டேன்."

"அப்ப தம்பி குரலைக் கேக்க வேணாமா?"

அவள் அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க வீட்ல தடை இல்லையே?"

"அந்தக் கூத்துக்கெல்லாம் நான் வரல."

"நல்லதாப் போச்சு."

அவர் வீட்டிலிருந்தே சிறைக்கு எழுதி, தம்பி அழைக்கும் எண்ணை அவர் வீட்டு எண்ணாக மாற்றினாள். இப்போது ஞாயிறு நான்கு மணிக்கு மரியதாஸ் வீட்டில் மணி அடிக்கிறது. அவள் அங்கே தம்பியோடு பேசிவிட்டு, தடை போட்ட தன் வீட்டுக்குத் திரும்புகிறாள்.