கடைசி வளைவு

காலை ஆறு நாற்பது. எட்டு மாதக் குழந்தையை மைதானத்துப் படிக்கட்டில் தங்கையின் மடியில் கிடத்திவிட்டு, அணித் தேர்வு ஓட்டத்தில் அவள் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருக்கிறாள். முதல் மூன்று பேருக்குத்தான் இடம். கடைசி வளைவில் குழந்தை வீறிட்டு அழுவது கேட்கிறது. தலை தானாகத் திரும்புகிறது. பால் சுரந்து, பனியனில் குத்திய எண் தாள் நனைகிறது. ஸ்பைக்ஸ் காலணிகள் தரையைக் கீறியபடி இருபுறமும் அவளைக் கடந்து போகின்றன. அவள் கோட்டைத் தொடும்போது நான்கு பேர் அங்கே குனிந்து மூச்சு வாங்குகிறார்கள். பயிற்சியாளர் ஸ்டாப்வாட்சைக் காட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்.

“போம்மா, போய்ப் பிள்ளையப் பாரு.”

அவள் படிக்கட்டுக்கு ஓடுகிறாள். வெயில் இன்னும் எட்டாத வரிசையில், வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை தூங்குகிறது. கன்னத்தில் துண்டின் மடிப்பு பதிந்திருக்கிறது.

“இவ கண்ணே முழிக்கலையேக்கா. நீ எதுக்குத் திரும்பிப் பாத்த?”