நெஞ்சின் மேல் ஒரு பச்சை விளக்கு

படுத்த படுக்கையாகிவிட்ட அத்தாவின் நெஞ்சில் நான் ஒட்டியிருந்த பட்டை, அவர் மூச்சு விடும் அசைவிலிருந்தே மின்சாரம் எடுத்து ஒரு பச்சை விளக்கை எரிய வைத்தது. மாலை வகுப்பில் படித்ததை வைத்துச் செய்தது. சரியாகச் செய்தேனா என்று எனக்கே சந்தேகம்தான்.

மூச்சு மெலியும்போதெல்லாம் விளக்கு அணைந்தது. அம்மா அடுப்படியிலிருந்து பதறி ஓடி வந்தார்.

"அஸாரு, இது என் உசிரை வாங்குதுப்பா. அணையாம எரியிற மாதிரி பண்ண மாட்டியா?"

அதனால் நேற்றிரவு பட்டையோடு ஒரு சின்ன சோலார் தகட்டையும் இணைத்தேன். இன்று ஜன்னல் வெயில் அதன் மேல் நன்றாக விழுந்தது. விளக்கு ஒருமுறைகூட அணையவில்லை.

மதியம், "அத்தா சாப்பிடலையா?" என்று கேட்டேன்.

"அசந்து தூங்குறாரு, எழுப்பாதே. அதான் லைட்டு எரியுதுல்ல."

அக்கா ஹஃப்சா சிரித்தாள். "அம்மா இன்னிக்குத்தான் நிம்மதியா சோறு தின்னுச்சு. நீகூட உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கடா."

வெயில் இறங்கியதும் விளக்கு அணைந்தது. என் சால்டரிங்தான் விட்டிருக்கும் என்று நினைத்து, வயரைப் பார்க்க அத்தாவின் கையை விலக்கினேன். கை விறைத்திருந்தது.

ஆட்டையாம்பட்டி டாக்டர் வந்து பார்த்தார். "காலையிலயே போயிட்டாரும்மா."

"இல்லீங்க" என்றார் அம்மா. "இவ்வளவு நேரம் லைட்டு எரிஞ்சிட்டுத்தானுங்களே இருந்துச்சு."