ஏணியைப் பிடித்த கைகள்

"ஆஃப் பண்ணியாச்சு மச்சான், கை வை!" என்று கீழ்த்தளத்திலிருந்து குரல் வருகிறது. ஏணியின் உச்சியில் நிற்கும் எலக்ட்ரீஷியன் கை வைக்கவில்லை. மின்விசிறி முனகியபடி சுழன்று ஓய்கிறது. ஜன்னல் வெயிலில் சுண்ணாம்புத் தூசி மிதக்கிறது. கூரையின் துளையிலிருந்து இரண்டு செம்புக் கம்பிகள் தோலுரிந்து தொங்குகின்றன. இத்தனை வருடங்களாக அந்தக் குரல் ஒன்றே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. தனக்கு எப்போதாவது தலைசுற்றல் வருவதையும் அந்தக் குரலுக்குரிய நண்பனிடம் மட்டுமே சொல்லியிருந்தான். நண்பனோ அதை முதலாளியின் காதில் போட்டு, இவனுக்கு வரவிருந்த சூப்பர்வைசர் பதவியை நேற்றுத் தனதாக்கிக்கொண்டான். "என்னடா, மேலேயே குடித்தனம் பண்றியா?" என்று சிரித்தபடி படியேறி வருகிறான் நண்பன். எலக்ட்ரீஷியன் மின்சாரம் நின்றதா என்று பார்க்கச் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கம்பியில் வைக்கிறான். சிரிப்பு வாசலிலேயே நின்றுவிடுகிறது. "நான் சொன்ன பிறகுமா மச்சான்?" டெஸ்டர் எரியவில்லை. அடுத்த கம்பியிலும் எரியவில்லை. நண்பன் அருகே வந்து, வழக்கம்போல் இரு கைகளாலும் ஏணியைப் பற்றிக்கொள்கிறான். அந்தப் பிடி பாதத்துக்கு எட்டியதுமே எலக்ட்ரீஷியன் கம்பியை விட்டுவிட்டு ஏணியின் மேற்படியை இறுகப் பற்றிக்கொள்கிறான். "ஏணியை விட்டுடு," என்கிறான், கீழே பார்க்காமல்.