நலமுள்ள ஒருவர்

பதினான்காம் பக்கம் வெறுமையாக இருந்தது.

அதைத்தான் அவள் நீட்டினாள்.

ஜெபக்கனி மேடம் பேனாவைத் திறந்தபடியே நின்றார். மேசையின் இடப்பக்கத்தில், கையெழுத்தான முப்பத்தொரு ரெக்கார்டு நோட்டுகள். வலப்பக்கத்தில் இந்த ஒன்று. நான்கு மணிக்குள் கையெழுத்து விழாவிட்டால், நாளைய செய்முறைத் தேர்வில் அவளுக்கு இடமில்லை.

பக்கத்தின் தலைப்பு அச்சிலேயே இருந்தது: நலமுள்ள ஒருவரை ஆராய்க.

ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கேட்க வேண்டும், தொட்டு அளக்க வேண்டும். முதலாண்டுச் செவிலியர் மாணவியருக்கு இதைவிட எளிய பாடம் இல்லை.

முப்பத்தொரு பேரும் எழுதியிருந்தார்கள். இரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது. நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. ஓர் எண்கூட மாறவில்லை. பாடநூலின் எண்கள் அவை. எவருடைய கையிலும் இரத்த அழுத்தமானியின் பட்டையைச் சுற்றாமலேயே எழுதிவிடத்தக்க எண்கள்.

பல்லாண்டுகளாக அப்படித்தான் எழுதுகிறார்கள். பல்லாண்டுகளாக அப்படித்தான் கையெழுத்தும் விழுகிறது.

“என்னட்டி இது? ஏன் எழுதல?”

“நல்லா இருக்கிற ஆளு யாருமே கெடைக்கல, மேடம்.”

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. “ஆளத் தேடுனாளா, மாப்பிள்ளையத் தேடுனாளா?” என்றாள் பிரிசில்லா.

அவள் சிரிக்கவில்லை. நான்கு நாள்கள் தேடியிருந்தாள்.

கேன்டீன் இசக்கியப்பன் பரோட்டா மாவை ஓங்கி அடித்தபடியே, தமக்கு ஒரு குறையும் இல்லை என்றார். அவருக்கு அழுத்தம் நூற்றெழுபது இருந்தது.

விடுதிக் காப்பாளருக்கு எல்லா எண்களும் பாடநூலில் உள்ளபடியே இருந்தன. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதும் அவர் அழுதுவிட்டார்.

வாரத்துக்கு இருமுறை டயாலிசிஸுக்கு வரும் ஆட்டோக்காரர், “எனக்கென்ன தாயி, ஜம்முன்னு இருக்கேன்” என்றார். மருத்துவமனை வாசலிலேயே சவாரி ஏற்றிக்கொண்டு போனார்.

மூவரில் எவர் நலமுள்ளவர்?

நோயின்மை மட்டுமே நலம் ஆகாது என்று பத்து மதிப்பெண் விடையில் அவளே எழுதியிருக்கிறாள். பத்தும் பெற்றிருக்கிறாள்.

ஆனாலும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் எழுதவும் கை வரவில்லை.

மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது. இடக்கையை நீட்டினார்.

“என்னப் பாரு. வெரசா.”

அவள் பட்டையைச் சுற்றினாள். அதைச் சுற்றுவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறருக்குக் கற்பித்த கை. அந்தக் கையில் யாரும் அதைச் சுற்றிப் பார்த்ததில்லை.

ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக் காற்றை அடித்தாள். மெல்ல விட்டாள்.

முள் இறங்கியது. இறங்கத் தொடங்கிய சற்றைக்கெல்லாம் துடிப்புக் கேட்டுவிட்டது.

மீண்டும் அடித்தாள். மீண்டும் அதே இடம்.

“எவ்ளோ?”

அவள் தன் பேனாவை எடுத்தாள்.

“நூத்தியிருவதுன்னு எழுதுட்டி,” என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

அவள் எழுதினாள். நூற்றெண்பதுக்கு நூற்றுப் பத்து. எழுதி, நோட்டை மேடத்தின் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

மேடம் படித்தார். பேனா தாளைத் தொடாமல் நின்றது.

“இன்னொரு கட்டம் இருக்கு, மேடம். ஆள்ட்ட கேட்டு எழுதணும்.”

“கேளு.”

“உங்களுக்கு உடம்பு எப்டி இருக்கு?”

நன்றாக இருக்கிறேன் என்று சொல்லவே மேடம் வாயெடுத்தார்.

திறந்த வாயை மூடி, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வகுப்பில் அவர் உட்கார்ந்து எவரும் கண்டதில்லை.

பதினான்காம் பக்கத்தின் அடியில் கையெழுத்திட்டார். பிறகு, இடப்பக்கத்து அடுக்கை முன்வரிசையை நோக்கித் தள்ளினார்.

“மத்தவ்வொ நோட்ட எடுத்துட்டுப் போங்க. காலைல எட்டு மணிக்குள்ள அளந்து எழுதிட்டு வாங்க. அளந்து.”

இருக்கைகள் நகர்ந்தன. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. கடைசியாகப் போன பிரிசில்லா கதவைச் சாத்தினாள்.

பட்டை இன்னும் மேடத்தின் கையிலேயே இருந்தது.

“இப்பம் மறுபடியும் கேளு.”

கையெழுத்துக்கு மேலே, அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது.

அவள் பேனாவை மூடினாள்.

கேட்டாள்.