இன்னும் ஒரு முத்து

வாசலில் வெயில் படும் இடத்தில் அண்டா. அண்டாவில் மஞ்சள் கரைத்த தண்ணீர், அதன் மேல் வேப்பிலை. இன்னும் கொஞ்சம் சூடேறினால் போதும், பிரேமாவுக்குத் தலைக்கு ஊற்றிவிடுவார்கள்.

அம்மை போட்டு இன்றோடு பதினோரு நாள். ஞாயிறன்று முதல் தண்ணீர், செவ்வாயன்று இரண்டாம் தண்ணீர். இது மூன்றாவது. இதோடு ஆத்தா கிளம்பிவிடுவாள். பிரேமா மறுபடியும் பிரேமாவாகிவிடுவாள்.

பத்து மணிக்கு வேன் வருகிறது. ஆயுத பூஜை லீவு, மூன்று நாள் ஏலகிரி. புருஷன் குணாளன், மாமியார் தாயாரம்மாள், பிள்ளைகள் இரண்டு பேர், திருநின்றவூரிலிருந்து நாத்தனார் குடும்பம். அம்மை வருவதற்கு முன்பே பேசி வைத்த வேன்.

"தண்ணி ஊத்திட்டா நீயும் வந்துரலாம் இல்ல? சும்மா குந்திகினு காத்து வாங்குனா போதும்" என்று குணாளன் இரண்டு நாளாகக் கேட்கிறான். ஆசையாகத்தான் கேட்கிறான், பாவம்.

சும்மா உட்காருவதாம்.

போன வருடம் ஒகேனக்கல் போனார்கள். அருவி எப்படி இருந்தது என்று கேட்டால் பிரேமாவுக்குச் சொல்லத் தெரியாது. பத்துப் பேருக்குப் புளிசாதம் கட்டியது, ஈரத்துணி பிழிந்தது, யாருக்கு வாந்தி, யாருக்குத் தலைவலி என்று ஓடியது, இதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது.

அவளுக்கு சிப்காட்டில் பேக்கிங் வேலை. காலை ஷிப்ட் என்றால் நாலு மணிக்கு எழுந்து சமைத்துவைத்துவிட்டு, ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ். எட்டு மணி நேரம் நின்றபடியே அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டும். திரும்பி வந்தால் வீடு காத்திருக்கும். பதினான்கு வருடமாக இதே ஓட்டம்.

அம்மை கண்ட அன்று, காய்ச்சலில் உடம்பு கொதிக்கும்போதே, அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. இதை யாரிடம் சொல்ல முடியும்?

வெள்ளை வேட்டி விரித்து, வேப்பிலை பரப்பி, அதில் படுக்கவைத்தார்கள். நிலைப்படியில் வேப்பங்கொத்து செருகினார்கள். அதைப் பார்த்த விருந்தாளி வந்த வழியே திரும்பிப் போனார். சூப்பர்வைசர்கூட, மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளப் போகிறதே என்ற பயத்தில், முழுசாக ஆறிய பிறகு வந்தால் போதும் என்றுவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே மாமியார். பதினான்கு வருடமாக "இன்னாம்மே" என்று மட்டுமே கூப்பிட்ட வாய், பதினோரு நாளாக வேறு மாதிரி பேசுகிறது. "தாயே, எளநி வெட்டட்டா? மோர் வோணுமா?" என்று பக்கத்தில் நின்று பவ்வியமாகக் கேட்கிறது.

உனக்கு என்ன வேண்டும் என்று இதற்கு முன் யாரும் பிரேமாவைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இந்தப் பதினோரு நாளில்தான் பழகிக்கொண்டாள்.

"எய்ந்து வா தாயே, தண்ணி பதமாயிடுச்சி." தாயாரம்மாள் சொம்போடு வந்து நின்றாள்.

பிரேமா எழுந்து உட்கார்ந்தாள். கொப்புளமெல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. அசதி மட்டும் எலும்புவரை இருந்தது. அது அம்மையால் வந்ததில்லை.

தண்ணீர் ஊற்றிக்கொண்டால் வேனில் ஏற வேண்டும். ஏறிவிட்டால் அங்கேயும் பத்துப் பேருக்கு இட்லி எண்ண வேண்டும். தண்ணீர் ஊற்றாமல் விட்டால் வேனே போகாது. வீட்டில் அம்மை இருக்கையில் யார் மலைக்குப் போவார்கள்? பிள்ளைகளோ விடிந்ததிலிருந்து புதுச்செருப்பைக் கழற்றவில்லை.

இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பாக, உருண்டையாக ஒன்று. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கையை நீட்டினாள். "இன்னும் ஒரு முத்து இருக்குது."

தாயாரம்மாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கிட்டே குனிந்து பார்க்கவில்லை. ஆத்தாவைச் சோதிக்கக் கூடாது. முத்து இருக்கும்போது தண்ணீரும் ஊற்றக் கூடாது, இனி ஞாயிற்றுக்கிழமைதான்.

குணாளன் முகம் தொங்கிப்போனது. மகள் செருப்பைப் பார்த்தபடி அழ ஆரம்பித்தாள்.

பாவம் பண்ணுகிறோமோ என்று பிரேமா பயந்தாள். ஆத்தா கோபித்துக்கொள்வாளா? மாட்டாள் என்றுதான் தோன்றியது. ஊரெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்குகிறவளுக்கு அலுப்பு தெரியாதா என்ன?

நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த வீட்டில் அதுவரை பேசாத ஒரு குரலில் சொன்னாள்.

"அல்லாரும் சந்தோசமா போய்ட்டு வாங்க. நான் இங்கியே இருக்கறேன்."

சொன்னது யார் என்பதில் தாயாரம்மாளுக்குச் சந்தேகமே வரவில்லை. "ஆத்தாவே உத்தரவு குட்த்துட்டா, கெளம்புங்க" என்றாள். நானும் இருக்கிறேனே என்று குணாளன் இழுத்தான். ஆத்தா வாக்கை மீறுவதா என்று அம்மா அதட்டியதும் பையை எடுத்துக்கொண்டான். வேளைக்குக் கஞ்சி கொண்டுவந்து தருவதாகப் பக்கத்து வீட்டு மெர்சி சொல்லிவிட்டாள்.

வேன் போய்விட்டது. கவரைப்பேட்டை ஸ்டேஷனில் நிற்காமல் ஒரு ரயில் போனது. அதன் பிறகு சத்தமே இல்லை. இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று பிரேமாவுக்கு இத்தனை வருடம் தெரியாது.

வேப்பிலை மேல் காலை நீட்டிப் படுத்தாள். மணிக்கட்டு அரித்தது. பதினோரு நாளாக வேப்பிலையால் மட்டுமே தடவிக்கொண்டவள், இப்போது நகத்தால் நன்றாகச் சொறிந்துகொண்டாள்.

தலைமாட்டுச் சுவரில், காலையில் குடித்த ரத்தத்தோடு பறக்க முடியாமல், அந்தக் கொசு உட்கார்ந்திருந்தது.

கைக்கு எட்டும் தூரம்தான். அடிக்க மனம் வரவில்லை.