கமிஷன் வேண்டாத தரகர்

“அசைஞ்சா நல்ல பல்லும் சேர்ந்து வந்துடும்” என்று மிரட்டிவிட்டு, நாகலிங்கம் குறடால் எட்மோனின் கடைவாய்ப் பல்லைப் பிடித்தார். அந்தத் தீவில், காத்ர் போர்ன் ஊரில் முப்பது வருஷமாகப் பல் பிடுங்கும் கை அது. இன்று கோபத்தில் அதற்குக் கூடுதல் பலம் வந்திருந்தது.

அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்குப் பென்ஷன் இருந்தது. சொந்தமாகத் தொழில் செய்யும் பல் வைத்தியருக்குக் கை நடுங்காதவரைதான் சோறு. நாகலிங்கத்தின் கை இப்போதே லேசாக நடுங்க ஆரம்பித்துவிட்டது.

சேர்த்ததையெல்லாம் வயதான காலத்துக்கென்று முதலீட்டுத் தரகர் எட்மோனிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். எட்மோன் அதைச் சர்க்கரை ஆலைப் பங்குகளில் போட்டு நிர்வகித்தார். விலை ஏறினாலும் கமிஷன், புயலில் கரும்பு சாய்ந்து விலை விழுந்தாலும் கமிஷன். கேட்டால், தீவுக்குச் சுதந்திரம் வரட்டும், எல்லாம் ஏறும் என்பார்.

“நட்டத்துக்கு எதுக்குய்யா கமிஷன்?” என்றார் நாகலிங்கம்.

பதில் சொல்ல எட்மோனுக்கு வாய் ஒழியவில்லை. அந்த வசதி நாகலிங்கத்துக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷ ஆத்திரத்தையும் கொட்டித் தீர்த்தார். திங்கட்கிழமையே மொத்தப் பணத்தையும் திருப்பி வாங்கப் போவதாகவும், எட்மோனின் யோக்கியதையை ஊர் முழுக்கச் சொல்லப் போவதாகவும் கர்ஜித்தார்.

இரண்டு பல்லைப் பிடுங்கி, இரண்டை அடைக்க வேண்டியிருந்தது. வாரத்துக்கு ஒன்றாகப் பார்க்கலாம் என்று நாகலிங்கம் முதலிலேயே சொன்னதற்கு எட்மோன் ஒப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை, கடை கண்ணியெல்லாம் அடைக்கும் மதிய நேரத்தில் வந்து, வலித்தாலும் பரவாயில்லை, எல்லாம் இன்றே முடிய வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி வெளியே நாகலிங்கத்தின் உதவியாளர் எவெலினோடு பேசிக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்தது. எட்மோன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, கன்னத்தில் பஞ்சோடு குழறினார்.

“இனிமே உங்ககிட்ட கமிஷனே வாங்கல டாக்டர். பணத்தை மட்டும் எடுத்துடாதீங்க.”

நாகலிங்கத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒரு சென்ட் காசுகூட விட்டுக்கொடுக்காத மனுஷன் இப்படி மடங்கிப்போவார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. இருந்தாலும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, சரி, பணம் அங்கேயே இருக்கட்டும் என்றார். இன்றைய வைத்தியத்துக்குக் காசு வேண்டாமே என்று எட்மோன் இழுக்க, அதற்கும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

எட்மோன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மனைவியோடு காரில் ஏறிப் போனார்.

எவெலின் உள்ளே வந்து குறடுகளைக் கழுவ ஆரம்பித்தாள். நாகலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாலு அதட்டல் போட்டதில் ஆள் நடுங்கிப்போய்விட்டான், இனி என் கிழவயசுக்குக் கவலையில்லை என்று அவளிடம் பெருமையடித்துக்கொண்டார்.

“ஆனா நாலு பல்லையும் ஒரே நாள்ல பார்க்கணும்னு அப்படி என்ன அவசரம் அவனுக்கு?” என்றார் சிரித்தபடி.

“சாயங்காலம் குடும்பத்தோட ஆஸ்திரேலியாவுக்கே குடிபோறாங்களாம் டாக்டர், கப்பல்ல பல் வைத்தியர் கிடையாதாமே.”